27 கோடி யாருடைய கடன்?

மனுஷனை ஏலம் விடலாமா? ஐபிஎல் ஏலம் தொலைக்காட்சியில் வரும்போதெல்லாம் இந்தக் கேள்வி நம் வீடுகளில் எழும். பெரியவர்கள் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, "என்னடா இது, மாட்டுச் சந்தை மாதிரி இருக்கு?" என்பார்கள். நம்ம வயசுப் பசங்க உடனே பதில் சொல்வார்கள்: "அவருக்கே 27 கோடி கிடைக்குது. அவரே அழல, நீங்க ஏன் அழறீங்க?"

இரண்டு பக்கமும் பாதி சரி என்று எனக்குத் தோன்றுகிறது. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நடப்பது என்னவென்று பார்ப்போம். ஐபிஎல் வீரர்களின் முதல் ஏலம் 2008 பிப்ரவரி 20ஆம் தேதி மும்பையில் நடந்தது. ஓர் அணி வீரர்களுக்காக 50 லட்சம் அமெரிக்க டாலர் வரை செலவு செய்யலாம் என்று வரம்பு இருந்தது. அன்றைக்கு அதிக விலை போனவர் தோனி. சென்னை அணி அவரை 15 லட்சம் டாலருக்கு எடுத்தது. 2024 நவம்பரில் சவூதி அரேபியாவின் ஜெட்டா நகரில் நடந்த பெரிய ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் வரம்பு 120 கோடி ரூபாய். அதில் ரிஷப் பண்டை 27 கோடிக்கு லக்னோ எடுத்தது. அன்றைய மதிப்பில் நம் பணத்தில் ஏறக்குறைய 14 மில்லியன் ரிங்கிட். ஐபிஎல் வரலாற்றில் அதற்கு முன் யாருக்கும் அவ்வளவு விலை விழுந்ததில்லை.

சரி, இது மனிதனை விற்பதா? நம் சமயத்தில் இந்தக் கேள்வியை மிகக் கூர்மையாகக் கேட்டவர் பாஞ்சாலி. சூதாட்டத்தில் தருமர் நாட்டை இழந்தார், தம்பிகளை இழந்தார், தன்னையும் இழந்தார். அதற்குப் பிறகுதான் பாஞ்சாலியைப் பணயம் வைத்தார். சபைக்கு இழுத்துவர ஆள் வந்தபோது அவள் முதலில் அழவில்லை, கேள்வி கேட்டாள். முதலில் தன்னைத் தோற்றாரா, என்னைத் தோற்றாரா? தன்னையே இழந்தவருக்கு இன்னொருவரைப் பணயம் வைக்க என்ன உரிமை? பீஷ்மராலேயே தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை.

அந்தக் கேள்வியின் சாரம் இதுதான்: என்னைப் பற்றிய முடிவில் என் சம்மதம் எங்கே? ஏலத்தையும் இதே உரைகல்லில் உரசிப் பார்க்கலாம்.

ஐபிஎல் ஏலத்துக்கு யாரையும் இழுத்து வருவதில்லை. வீரர் தானே பெயர் கொடுக்கிறார். எந்த விலைக்குக் கீழே போகக்கூடாது என்ற அடிப்படை விலையைப் பட்டியலில் இருக்கும் தொகைகளிலிருந்து தானே தேர்ந்தெடுக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, விழும் விலை பெரும்பாலும் அவருக்கே சம்பளமாகப் போகிறது. காற்பந்தில் ஒரு வீரர் கிளப் மாறும்போது நாம் செய்தியில் படிக்கும் பெரிய தொகை பழைய கிளப்புக்குப் போகும் பணம். வீரரின் சம்பளம் அதற்கு வெளியே தனியாகப் பேசப்படும். அந்த வகையில் பார்த்தால், சுத்தியல் தட்டி விற்கும் ஐபிஎல்தான் வீரரின் பைக்கு நேராகப் பணம் கொடுக்கிறது.

இந்த ஏலம் சில வாழ்க்கைகளைப் புரட்டியும் போட்டிருக்கிறது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜன் கூலித் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. 2017 ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையில் பெயர் கொடுத்திருந்த அவரைப் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. சொந்த ஊரில் கிரிக்கெட் திடல் கட்டிக்கொடுக்கும் அளவுக்கு அவர் வளர்ந்தார். அவர் வீட்டாரிடம் போய், "உங்க பையனை மாடு மாதிரி வித்துட்டாங்க" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆகவே "சந்தை" என்ற ஒரே சொல்லில் ஏலத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் சம்மதம் வாசலோடு முடிந்துவிடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெயர் கொடுத்த பிறகு எந்த ஊர், எந்த அணி, எந்தப் பயிற்சியாளர் என்று எதையும் வீரர் சொல்ல முடியாது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எந்தக் கம்பெனி என்று நாம் தேர்ந்தெடுக்கிறோம். அந்த உரிமை இங்கே இல்லை. 2025 பருவத்திலிருந்து, ஏலத்தில் எடுக்கப்பட்ட பிறகு தகுந்த காரணமின்றி விலகும் வெளிநாட்டு வீரருக்கு இரண்டு ஆண்டு தடை. இங்கிலாந்தின் ஹாரி புரூக் அப்படித் தடை வாங்கினார். வாக்குக் கொடுத்தால் காப்பாற்ற வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் அந்த வாக்கு யாரிடம் போய்ச் சேரும் என்பதே தெரியாமல் கொடுத்த வாக்கு அது. இந்திய வீரருக்கோ வேறு கதவே கிடையாது. ஓய்வு பெறும்வரை வெளிநாட்டு டி20 லீக்குகளில் ஆட இந்தியக் கிரிக்கெட் வாரியம் அவரை அனுமதிப்பதில்லை.

பொறியியல் மாணவன் என்பதால் கணக்குப் போடாமல் விட முடியவில்லை. 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. ஆண்டுக்கு 9,678 கோடி. 2025 பருவத்துக்குப் பத்து அணிகளும் தங்கள் 120 கோடியை முழுவதும் செலவழித்திருந்தாலும் வீரர்களுக்குப் போயிருக்கக்கூடியது 1,200 கோடி. ஒளிபரப்புப் பணத்தை மட்டும் எடுத்தாலே எட்டில் ஒரு பங்கு! இதற்கு மேல் 2025 முதல் ஓர் ஆட்டத்துக்கு ஏழரை லட்சம் ரூபாய் ஆட்டக் கட்டணம் உண்டு. அதைச் சேர்த்தாலும் படம் பெரிதாக மாறாது. அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தில் வருமானத்தில் ஏறக்குறையப் பாதி வீரர்களுக்குப் போகிறது. காரணம், அங்கே வீரர்களின் சங்கம் உட்கார்ந்து பேரம் பேசுகிறது. இந்தியாவில் 2019இல் உருவான வீரர்கள் சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கானது. இப்போது ஆடுகிறவர்களுக்காகப் பேரம் பேச ஆள் இல்லை.

ஆக, 27 கோடி என்று கேட்டதும் வீரர்கள் கொள்ளை அடிக்கிறார்கள் என்று நினைப்பது கணக்குத் தெரியாத பேச்சு. மேலே ஒரு வரம்பு போட்டு, அதற்குள்தான் வீரர்களின் விலை மோதிக்கொள்கிறது.

இதுவரை சொன்னது வாரியமும் உரிமையாளர்களும் பதில் சொல்ல வேண்டிய விஷயம். இனிச் சொல்லப்போவது நாம் பதில் சொல்ல வேண்டிய விஷயம்.

2025 பருவத்தில் பண்ட் தடுமாறினார். அவர் அவுட் ஆகும்போதெல்லாம் ஒரு ரன்னுக்கு எத்தனை லட்சம் என்று வகுத்துப் போட்ட படங்கள் கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்தன. கடைசி லீக் ஆட்டத்தில் பெங்களூருக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 118 அடித்தார். அதையும் சேர்த்து மொத்தம் 269 ரன்கள். "27 கோடி வாங்கிட்டு இதான் ஆட்டமா?" என்று மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டே கேட்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இந்தக் கேள்விக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: 27 கோடி என்பது பண்ட் வாங்கிய கடன், அதை அவர் ரன்னாகத் திருப்பிக் கட்ட வேண்டும்.

அந்த 27 எப்படி வந்தது தெரியுமா? ஏலத்தில் லக்னோவும் ஹைதராபாத்தும் மோதின. 20.75 கோடியில் ஹைதராபாத் நின்றுவிட்டது. அப்போது அவருடைய பழைய அணியான டெல்லி, அதே விலைக்கு அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமையைப் பயன்படுத்த முன்வந்தது. புதிய விதிப்படி லக்னோ ஒரே ஒருமுறை விலையை உயர்த்தலாம். உயர்த்தியது, ஒரேயடியாக 27 கோடிக்கு. டெல்லி விலகிக்கொண்டது. சில நிமிடங்களில் 6.25 கோடி கூடிவிட்டது. அந்தச் சில நிமிடங்களில் பண்டின் மட்டையோ கண்ணோ கொஞ்சமும் மாறவில்லை. மாறியது ஒரு விதியின் விளைவு, ஓர் எதிராளியைப் பற்றிய பயம்.

ஏலத்தின் இயல்பே அதுதான். கை தூக்கித் தூக்கி விலை ஏறும் ஏலத்தில், இரண்டாவது ஆள் எங்கே நிறுத்துகிறாரோ அங்கேதான் விலை நிற்கும். அதாவது, உங்கள் விலையை முடிவு செய்வது நீங்கள் அல்ல, உங்களை வாங்கியவரும் முழுக்க அல்ல. வாங்க முடியாமல் போனவர்! அவர் பையில் எவ்வளவு மிச்சம் இருந்தது, அவருக்கு அன்றைக்கு விக்கெட் கீப்பர் தேவையா, நீங்கள் ஏலத்தில் முதலில் வந்தீர்களா கடைசியில் வந்தீர்களா என்பதெல்லாம் சேர்ந்ததுதான் அந்த எண்.

இதைப் பற்றி முதலில் எழுதியவர்கள் நம்ம ஆட்கள்தான், பொறியியலாளர்கள். 1971இல் ஒரு எண்ணெய் நிறுவனத்தைச் சேர்ந்த மூவர், கடலடி எண்ணெய் நிலங்களுக்கு ஏலம் கேட்ட நிறுவனங்களுக்கு ஏன் எதிர்பார்த்த லாபம் வரவில்லை என்று ஆராய்ந்தார்கள். நிலத்தடியில் எவ்வளவு எண்ணெய் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஒவ்வொருவரும் ஊகிக்கிறார்கள். ஏலத்தில் வெல்பவர் யார்? எல்லாரையும்விட அதிகமாக ஊகித்தவர். எனவே வென்றவர் அதிக விலை கொடுத்திருக்கவே வாய்ப்பு அதிகம். இதற்கு "வென்றவரின் சாபம்" என்று பெயர். அடுத்த பருவத்தில் ஒருவர் எத்தனை ரன் அடிப்பார் என்பதும் நிலத்தடி எண்ணெய் மாதிரிதான். ஊகித்தவர் தவறினால், அந்தத் தவறுக்கு எண்ணெய்க் கிணற்றை யாரும் திட்டுவதில்லை. வீரரை மட்டும் திட்டுகிறோம்.

இன்னொன்றும் உண்டு. அந்த ஏலத்தில் வரம்பு 120 கோடி என்பதால், 27 கோடி போனால் மற்ற வீரர்களுக்கு மிச்சம் 93. உரிமையாளர் எப்படியும் வரம்புக்குப் பக்கத்தில்தான் செலவழிக்கப் போகிறார். "முதலாளி பாவம், இவ்வளவு கொட்டிக் கொடுத்தாரே" என்று உருகுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

அப்படியானால் பணம் வாங்கியவருக்குக் கடமையே இல்லையா? இருக்கிறது. பயிற்சி, உடல்தகுதி, நேர்மை, அணிக்காக முழு மனதோடு ஆடுவது. இவை அவர் கையில் இருப்பவை, இவற்றில் குறை வைத்தால் தாராளமாகக் கேட்கலாம். ரன் அவர் கையில் மட்டும் இல்லை. கை மீறிய பலனைக் கடனாக எழுதி வைப்பது தருமம் ஆகாது.

நடராஜனையே பாருங்கள். 3 கோடிக்குப் போன 2017இல் 6 ஆட்டங்களில் 2 விக்கெட். அடுத்த ஆண்டு ஹைதராபாத் அவரை 40 லட்சத்துக்கு எடுத்தது. இரண்டு பருவங்கள் ஓர் ஆட்டம்கூட ஆடக் கிடைக்கவில்லை. 2020இல் அவருடைய யார்க்கர்களை எல்லாரும் பேசினார்கள். அந்த ஆண்டு டிசம்பரும் அடுத்த ஜனவரியுமாக ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்காக மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமானார். 3 கோடி என்றபோது அவர் பெரிய ஆளும் இல்லை, 40 லட்சம் என்றபோது சின்ன ஆளும் இல்லை. விலை இறங்கிய பிறகும் அவர் பந்து போடுவதை நிறுத்தவில்லை, அவ்வளவுதான்.

இது ஏன் நமக்கு முக்கியம்? ஜெட்டா ஏலத்தில் பீகாரைச் சேர்ந்த வைபவ் சூர்யவன்ஷியை ராஜஸ்தான் 1.10 கோடிக்கு எடுத்தது. அப்போது அந்தப் பையனுக்கு 13 வயது. அடுத்த ஏப்ரலில் 35 பந்தில் சதம் அடித்தான், உலகமே கைதட்டியது. அடிக்காமல் போயிருந்தால்? அந்தக் குழந்தையையும் இதே வகுத்தல் கணக்கில்தான் நிறுத்தியிருப்போம்.

நம்ம மேலேயும் இந்தச் சுத்தியல் விழுகிறது. படிப்பை முடித்த என் சீனியர்களிடம் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "என்ன வேலை?" இல்லை, "எவ்வளவு சம்பளம்?" எண்ணெய் நிறுவனத்துக்குப் போனவன் கெட்டிக்காரன், சின்னத் தொழிற்சாலைக்குப் போனவன் ஏதோ சுமார் என்று ஐந்தே நிமிடத்தில் முடிவாகிவிடும். அந்த ஆண்டு எந்தத் துறையில் ஆள் தேவைப்பட்டது என்பதைச் சொல்லும் எண்ணை, ஆளின் தரத்தைச் சொல்லும் எண்ணாக மாற்றிவிடுகிறோம். குறைந்த எண் கிடைத்தவன் கோயில் திருவிழாவுக்கு வரக்கூடக் கூச்சப்படுகிறான்.

பாஞ்சாலி கேள்வி கேட்ட அந்தச் சபையில் பெரியவர்கள் நிறைய பேர் இருந்தார்கள். சூதை ஆடியவர்கள் சிலர், பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பலர். துரியோதனனின் தம்பிகளில் ஒருவனான விகர்ணன் எழுந்து, இது நியாயமில்லை என்றான். அவன் ஆட்டத்தை நிறுத்தவில்லை, அவனால் முடியவும் இல்லை. ஆனால் பார்க்கிறவனுக்கும் ஒரு தருமம் உண்டு என்று காட்டினான்.

ஏலத்தை நாம் நிறுத்தப் போவதில்லை. நானும் அடுத்த ஏலத்தைப் பார்க்கத்தான் போகிறேன், சென்னை யாரை எடுக்கிறது என்று கத்தத்தான் போகிறேன். ஆனால் சீசன் தொடங்கி ஒருவர் டக் அவுட் ஆகும்போது பக்கத்தில் இருக்கும் நண்பன், "இதுக்கா இத்தனை கோடி?" என்று ஆரம்பித்தால், "விலை போட்டது அவரில்லடா, பந்தைப் பத்திப் பேசு" என்று சொல்லலாம். அதே வாய், வீட்டுக்கு வந்த அண்ணனிடம் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால், "வேலை புடிச்சிருக்காண்ணே?" என்று கேட்கலாம்.