தேனீப் பெட்டியும் அஹிம்சா அணுவிரதமும்

தேன் உண்ணலாகாது என்பது நம் இல்லங்களில் சிறு குழந்தையும் அறிந்த செய்தி. கள், ஊன், தேன் ஆகிய மூன்றையும் விலக்குதலை ஐந்து அணுவிரதங்களோடு சேர்த்துச் சாவகரின் மூல குணங்களாக வைத்தார் சமந்தபத்திர ஆசாரியர். ஈயைக் கொல்லாமல் பெட்டியிலிருந்து எடுக்கும் தேன் ஆகுமே என்பாருக்கு, தானாக ஒழுகிய தேனிலும் அதில் வாழும் உயிர்களின் அழிவு உண்டு என்று அமிர்தசந்திரர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் முன்பே விடை கூறிவிட்டார். ஆகவே அதனை நாம் மீண்டும் எழுதப் புகவில்லை.

விவசாயக் குடும்பத்து அன்பர் ஒருவர் நம்மிடம் வினவியது வேறு. "ஐயா, நான் தேன் எடுப்பதும் இல்லை, விற்பதும் இல்லை. காய்ப்பு நன்றாக இருக்கும் என்று தோப்பில் நான்கு பெட்டிகள் வைத்திருக்கிறேன். பத்து நாளைக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும் என்கிறார்கள். அப்படிப் பார்த்தபோது சென்ற மாதம் ஓர் இராணி நசுங்கி இறந்துவிட்டது. இது எந்த ஹிம்சையில் சேரும்?"

பெட்டிக்குள் நடப்பதை அறியாமல் விடை கூறுவது முறையன்று. ஒரு நாள் காலை அவருடன் தோப்புக்குச் சென்றோம்.

அவை நம் நாட்டு அடுக்குத் தேனீக்கு ஏற்றவாறு நியூட்டன் என்னும் பாதிரியார் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த வகைப் பெட்டிகள். மூடியைத் திறக்குமுன் சிறிது புகை காட்டினார். புகை, ஈக்கள் ஒன்றுக்கொன்று அபாயம் உணர்த்தும் வாசனையை மறைத்துவிடுகிறது. கூட்டைவிட்டுப் போக நேருமோ என்று அவை தேனை வயிறு நிறையக் குடித்து அடங்குகின்றன. பின்னர் சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கினார்.

இராணி மற்றவற்றினும் நீண்ட உடலுடையது. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் முட்டையிடுவது. பணி ஈக்கள் சில எப்போதும் தலையை அதன் பக்கமாகத் திருப்பிச் சூழ்ந்து நின்று, ஊட்டியும் நக்கியும் பேணுகின்றன. அவ்வாறு நக்கிய வாசனைப் பொருள் வாய்க்கு வாய் கூடு முழுதும் பரவுகிறது. இராணியை எடுத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் கூட்டம் அதனை உணர்ந்து கலங்குவது இதனாலேயே.

இருளில் வாழும் அவ்வுயிருக்கு வெளிச்சம் ஒவ்வாது. சட்டம் வெயிலில் உயர்ந்ததும் அடையின் மறுபுறத்து நிழலுக்கு ஓடுகிறது. சில இராணிகள் முட்டையிட்டபடி அமைதியாக இருக்கும். சில பெட்டியின் மூலைவரை ஓடும். பெட்டிக்கு வெளியே சட்டத்தைப் பிடித்தால் புல்லில் விழுந்து காணாமற் போவதும் உண்டு. நடுச் சட்டத்தை முதலில் விரைந்து இழுத்தால் பக்கத்து அடையோடு உரசி உருண்டு நசுங்கும். ஓரச் சட்டத்தை முதலில் எடுத்து இடம் உண்டாக்க வேண்டும் என்பது இதற்காகவே. கலக்கம் மிகுந்தால் பணி ஈக்கள் தம் தாயையே பந்துபோல் இறுகச் சூழ்ந்து வெப்பத்தால் கொன்றுவிடுவதும் நிகழ்வதுண்டு. காக்கும் அன்போ, அச்சமோ, நாமறியோம்.

அப்படியானால் திறவாமலே விட்டுவிடலாமே என்று தோன்றும். அதுவும் குற்றமற்றதன்று. மெழுகுப்பூச்சி அடையைத் தின்பதும், பூவில்லாக் காலத்தில் கூட்டம் பட்டினி கிடப்பதும் திறந்தால்தான் தெரியும். 1991-92இல் கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் 'தாய் சாக்புரூட்' என்னும் புழு நோய் அடுக்குத் தேனீக் கூட்டங்களைப் பேரளவில் அழித்தது. நம் இடத்தில் கொண்டுவந்து வைத்த உயிரை எட்டிப் பாராதிருப்பது கருணையாகாது.

சங்கல்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என ஹிம்சையை நால்வகைப்படுத்துவது நம் மரபு. கொல்லும் எண்ணத்தோடு செய்வது சங்கல்ப ஹிம்சை; இல்லறத்தான் முற்றும் விலக்க வேண்டியது அது. அன்பரின் செயல் அதில் சேராது. தொழிலில் நேரும் உத்தியோக ஹிம்சை என்று கூறித் தேற்றிவிடவும் நமக்கு மனம் வந்தது. ஆயினும் தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்தில் பிரமாதத்தை முன்வைக்கிறது. (இன்று அச்சொல்லை 'மிகச் சிறப்பு' என்னும் பொருளில் வழங்குகிறோம்; ஆகமத்தில் அது கவனக்குறைவு.)

"அன்று இராணியைத் தேடினீர்களா?" என்று கேட்டோம். தேடியதாகக் கூறினார். ஆனால் தேட வேண்டிய தேவை இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. அறையின் அடியில் முட்டை இருந்தால், மூன்று நாளுக்குள் இராணி அங்கிருந்தது என்று பொருள். முட்டை செங்குத்தாக நின்றால் அது புதிதாக இட்டது. நிழலில் ஒரு சட்டத்தைச் சாய்த்துப் பார்த்து மூடிவிடலாம். சற்று நேரம் தலைகுனிந்திருந்த பின் அவரே கூறினார்: "விருந்துக்கு வந்தவர்கள் இராணியைக் காட்டு என்றார்கள் ஐயா. அவசரமாக நடுச்சட்டத்தை இழுத்தேன்."

கூட்டத்தின் நன்மைக்காகத் திறந்த கையும் வேடிக்கைக்காகத் திறந்த கையும் ஒன்றல்ல. நசுங்கிய உயிருக்கு இரண்டும் ஒன்றே. வினையின் கணக்கில் ஒன்றாகா என்றே நாம் கருதுகிறோம். அவரிடம் இதனை மறைக்கவில்லை.

அணுவிரதத்துக்கு மாசு சேர்க்கும் அதிசாரங்கள் ஐந்தைச் சூத்திரம் கூறும்: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றல், உணவும் நீரும் தடுத்தல். ஆடுமாடுகளைக் கருதியே நாம் இவற்றைப் படித்திருக்கிறோம். கூட்டம் பிரிந்து போகாதிருக்க இராணியின் சிறகை நறுக்கும் வழக்கம் தேனீ வளர்ப்போரிடம் உண்டு, அது உறுப்பறுத்தலே. எளிதில் காணும்படி முதுகில் வண்ணப் புள்ளி வைப்பது அத்துணைக் கொடிதன்று. பெட்டி திறந்திருக்கும் நேரத்தையும் குறைக்கும். ஆயினும் விரலால் பிடித்தவுடன் சில இராணிகள் விறைத்துச் செத்தாற்போல் கிடந்து, சில நிமிடம் கழித்தே அசைகின்றன என்று அறியும்போது அதையும் தவிர்க்கலாமே என்று தோன்றுகிறது. பெட்டியில் வைப்பதே கட்டுதலன்றோ என்பாரும் உளர். வாயில் திறந்திருக்கிறது, அடிக்கடி தொல்லை கொடுத்தால் அடுக்குத் தேனீக் கூட்டம் பெட்டியை விட்டே பறந்துவிடும். எனவே நாம் அவ்வளவு தூரம் செல்லவில்லை. இதில் மாறுபடும் பெரியோர் இருப்பின் கேட்கச் சித்தமாயுள்ளோம்.

ஒன்றில் மட்டும் நமக்கு ஐயமில்லை. ஓரிரு ஆண்டு கழிந்ததும் பழைய இராணியைத் தேடிப் பிடித்துக் கொன்று புதியதை விடும் முறை சங்கல்ப ஹிம்சையே. தொழில் என்னும் பெயர் அதனை மாற்றாது.

நான்காம் பெட்டியின் இராணிக்கு வயதாகிவிட்டது, முட்டைகள் குறைந்திருந்தன. அதனைக் கொன்றுவிடும்படி அவருக்கு ஆலோசனை கூறியிருந்தார்கள். தாய் தளர்ந்தால் ஈக்களே புதிய இராணியை வளர்த்துக்கொள்ளும். சில வேளைகளில் தாயும் மகளும் சில காலம் ஒரே கூட்டில் முட்டையிடுவதும் உண்டு. வளர்க்கத் தவறினால் அப்பெட்டி அழியவும் கூடும். இரண்டையும் கூறினோம். அவர் மூடியை மெல்ல வைத்தார்.

அண்மையில் அவர் எழுதிய கடிதம் கிடைத்தது. நான்காம் பெட்டியில் முட்டைகள் செங்குத்தாக நிற்கின்றனவாம். இட்டது தாயா மகளா என்று தேடவில்லை என எழுதியிருக்கிறார்.