பலகை மாறினால் கடன் மாறுமோ?



ஒரு பொருளின் உறுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிக்கொண்டே வருவோமாயின், முடிவில் நம் முன் நிற்பது பழைய பொருளோ, புதிய பொருளோ என்னும் வினா மிகத் தொன்மையானது. கற்றோர் அதனை ஏட்டில் வைத்து ஆராய்வர். ராபர்ட்சன்பேட்டையில் அண்மையில் அவ்வினா ஒரு பழைய பிக்கப் வண்டியின் அடிப்பலகையின்மேல் எழுந்தது. எழுந்ததோடு நில்லாமல் ஒரு கைம்பெண்ணின் பணத்தையும் தொட்டது. ஆதலின் அதனைப் பொழுதுபோக்கு வினாவாகக் கொள்ளாமல் ஒழுக்க வினாவாகவே கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் பலகையைப் பற்றிச் சொல்லவேண்டும். வேலையை அறியாமல் செய்யும் விசாரம் ஆகாயக் கோட்டையாய் முடியும்.

இக்காலத்துச் சிறு சரக்கு வண்டிகளுக்குப் பின்பாடி பெரும்பாலும் இரும்புத் தகட்டாலேயே வருகின்றது. முன்னாளைய வண்டிகளிலும், பட்டறையில் பாடி கட்டுவித்த வண்டிகளிலும் அடித்தளம் மரமே. சேஸியின் இரண்டு நெடுஞ்சட்டங்களின்மேல் குறுக்குக் கட்டைகளைக் கிடத்தி, அவற்றை யூ போல்ட்டுகளால் இறுக்கி, அக்கட்டைகளின்மேல் நீளவாட்டில் பலகைகளைப் பரப்பி, போல்ட்டு முடுக்கிவிடுவர். மரத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தகடு வெயிலிற் காயும்; மழையில் வழுக்கும்; கனத்த பண்டம் விழுந்தால் குழியும். பலகையோவெனில், ஒன்று கெட்டால் அவ்வொன்றை மட்டும் கழற்றி மாற்றலாம்.

மரத்திற்குப் பகை நீர். கோலார் மாவட்டம் தக்காளிக்குப் பேர்போனது என்பதை யாவரும் அறிவர். நசுங்கிய பழத்தின் சாறு பலகை இடுக்குகளில் இறங்கும். மழைநீர் அதனோடு கூடும். மண் வந்து இடுக்கை அடைக்கும். பிறகு ஈரம் உலர வழியிராது. மரத்திலுள்ள ஈரம் அதன் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழே நிற்கும்வரை அதனை இற்றுப்போகச் செய்யும் பூஞ்சணம் பெரும்பாலும் வேர்கொள்ளாது. அதற்கு மேற்பட்ட ஈரம் நெடுநாள் தங்குமாயின் மரம் உள்ளிருந்தே கெடும். மேலே பூசிய வண்ணம் பளபளத்துக்கொண்டிருக்கும். கீழே கட்டையைத் திருப்புளியாற் குத்தினால் அவல்போல உதிரும்.

இந்நிலையில் வண்டி பட்டறைக்கு வருகின்றது. துருவேறிய போல்ட்டுகள் திரும்பமாட்டா; வெட்டித்தான் எடுக்கவேண்டும். பலகைகளைப் பெயர்த்தபின் குறுக்குக் கட்டைகள் தெரியும். நேர்மையான தச்சருக்கும் மற்றவருக்கும் வேற்றுமை புலப்படுவது இவ்விடத்திலேதான். இற்ற கட்டையின்மேற் புதுப் பலகையை அறைந்துவிட்டால் வண்டி புத்தம் புதியதாகவே தோன்றும். உடையவரும் மகிழ்வார். ஆனால் போல்ட்டு பிடிப்பதற்கு அங்கே மரம் இல்லை. பாரம் ஏற்றி இறக்கும் கூலியாள் ஒருநாள் அதன்மேல் கால்வைப்பான். நல்ல தச்சர் கெட்ட கட்டையை நீக்கி மாற்றுவார். நன்றாய் உலர்ந்த மரத்தையே எடுப்பார். பலகை நீரில் ஊறினால் விரியுமாதலால் சிறிது இடைவெளி விடுவார். பொருத்துமுன் அடிப்புறத்திற்கும் அறுத்த முனைகளுக்கும் முந்திரிக் கொட்டை எண்ணெய் பூசுவார். முனையின் வழியாகவே மரம் மிகுதியாய் நீர் குடிக்கும். அம்முனையையும் அடிப்புறத்தையும் பிறகு எவரும் காணப்போவதில்லை என்பதை அவர் அறிவார், அறிந்தும் பூசுகின்றார்.

நிற்க. மேற்சொன்ன வண்டியின் வரலாறு இது. அதனை வாங்கியவர் தங்கச் சுரங்கத் தொழிலாளி. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபின், கணக்கு முடித்துக் கையில் வந்த தொகை போதாமையால், உடன் வேலை செய்து இறந்த நண்பரின் மனைவியாரிடம் 40,000 ரூபாய் கைமாற்றாகப் பெற்று, பழைய பிக்கப் ஒன்றை வாங்கிக் காய்கறி ஓட்டினார். எழுத்து இல்லை, வட்டி பேசவில்லை. பாதிக்குமேல் திருப்பிக் கொடுத்தார். மீதியைக் கொடுக்குமுன் காலமானார். மகன் வண்டியை ஓட்டிவருகின்றார். இடையில் எஞ்சின் மாறியது, கியர் பெட்டி மாறியது, கதவுகள் மாறின, டயர்கள் எத்தனை முறை மாறின என்பதற்குக் கணக்கில்லை. இப்பொழுது அடிப்பலகையும் மாறுகின்றது.

பட்டறையில் வேலை நடப்பதைக் கண்டு அம்மூதாட்டியார் வந்து, "தம்பி, உன் அப்பா இந்த வண்டிக்கு வாங்கிய பணத்தில் மீதி இருக்கிறது. புதுப் பலகை போட வசதி வந்திருக்கிறதே" என்றார். அவர் சிரித்துக்கொண்டே, "பெரியம்மா, நீங்கள் பணம் கொடுத்த வண்டி எங்கே இருக்கிறது? எஞ்சின் அது இல்லை, பலகையும் அது இல்லை. அந்த வண்டி போயே போய்விட்டது" என்று விடையிறுத்தார். சுற்றியிருந்தோரும் நகைத்தனர். சொன்னவர் தீயவர் அல்லர். கையில் முடை உள்ளவர். ஆயினும் அவர் சொன்ன வாதம் சிறியதன்று. அதற்கு விடை வேண்டும்.

சட்டத்தை வினவினால் அது சுருக்கமாக விடைதரும். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன்கீழ்த் தரப்படும் பதிவுச் சான்றில் சேஸி எண்ணும் எஞ்சின் எண்ணும் குறிக்கப்பெறும். எஞ்சினை மாற்றினால் பதிவு அதிகாரியிடம் அதனைக் குறித்துக்கொள்ளவேண்டும். பலகைக்கு எண் இல்லை. ஆகவே சட்டத்தின் கண்ணில் அது அதே வண்டி. நாம் ஆலையில் தறி ஓட்டிய நாளிலும் இவ்வாறே. நாடா மாறும், விழுது மாறும், தோல்வார் மாறும். தறியின்மேல் எழுதிய எண் மாத்திரம் மாறாது. துணியிற் குறை கண்டால் அபராதம் அவ்வெண்ணின்மேலேயே விழும். தறியோ ஒருபொழுதும் அபராதம் கட்டியதில்லை! எண் என்பது நாம் வைத்த அடையாளம். அடையாளம் ஒன்றாயிருப்பதனால் பொருள் ஒன்று என்றாகிவிடாது. மகனாரின் வினா அங்ஙனமே நிற்கின்றது.

மேனாட்டார் இதனைக் கப்பலின்மேல் வைத்துக் கேட்டனர். தீசியஸ் என்னும் வீரனின் முப்பது துடுப்புக் கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் போற்றிவைத்து, இற்ற பலகைகளை மாற்றிவந்தனர் என்றும், அது அதே கப்பல்தானா என்று தத்துவியர் இரு கட்சியாய் வாதிட்டனர் என்றும் புளூட்டார்க் எழுதினார். ஆங்கில நாட்டு ஹாப்ஸ் 1655-இல் வெளியிட்ட நூலில், கழற்றிய பழம்பலகைகளைச் சேர்த்து மற்றொரு கப்பல் கட்டினால் எது உண்மைக் கப்பல் என்று சிக்கலைப் பெருக்கினார். நம் வண்டியின் பழம்பலகைகள் ஓர் ஆட்டுப்பட்டிக்குத் தளமாகப் போயின. மீதிக் கடனை அம்மூதாட்டியார் ஆடுகளிடம் கேட்கலாமோ?

இவ்வினாவை ஒழுக்கத்தின்பால் திருப்பியவர் நம் நாகசேனர். கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் வடமேற்கு நிலத்தை ஆண்ட கிரேக்க மன்னர் மெனாந்தர். பாலியில் அவர் பெயர் மிலிந்தர். அவர் தேரேறி வந்தவராதலின், அத்தேரைக் கொண்டே தேரர் அவரை மடக்கினார். அச்சு தேரா, உருளை தேரா, ஏர்க்கால் தேரா, நுகம் தேரா என ஒவ்வொன்றாகக் கேட்க, மன்னர் ஒவ்வொன்றையும் அன்றென்றார். இவற்றின் வேறாகத் தேர் ஒன்று உண்டோ எனக் கேட்க, அதற்கும் இல்லையென்றார். உறுப்புகள் கூடியவழித் தேர் என்பது வழக்குச் சொல்லாய் எழுகின்றது. அவ்வாறே ஆள் என்பதும் என்று தேரர் முடித்தார்.

இதனை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துபோகின்றவர் பலர். மகனாரின் வாதம் இவ்வரைக்கும் நாகசேனரின் வாதமே. வண்டி என ஒரு நிலைபொருள் இல்லை, முன்னிருந்த உறுப்புகள் இப்போது இல்லை, உண்மைதான். ஆனால் அந்நூலிலேயே தேரர் மாம்பழக் கள்வன் ஒருவனையும் காட்டுகின்றார். பிறன் தோப்பில் மாம்பழம் திருடி அகப்பட்டவன், இவர் நட்டது வேறு மாங்கொட்டை, யான் பறித்தது வேறு பழம், ஆதலின் யான் குற்றவாளியல்லேன் என்கின்றான். மன்னர் அதனை ஏற்றாரில்லை. நட்டதும் பறித்ததும் ஒன்றல்ல. எனினும் இது அதனைச் சார்ந்து பிறந்தது. இரவெல்லாம் எரியும் விளக்கில் முதற்சாமத்துச் சுடரும் கடைச்சாமத்துச் சுடரும் ஒன்றல்ல. வேறு விளக்கென்றும் சொல்லமாட்டோம்.

ஆகவே, அதே பொருளா என்று கேட்பது கேள்வியைத் தவறான இடத்தில் வைப்பதாகும். எதனைச் சார்ந்து எது வந்தது என்று கேட்கவேண்டும். அம்மூதாட்டியார் கொடுத்த பணத்தால் முதல் வண்டி வந்தது. அவ்வண்டி ஈட்டிய வாடகையால் இரண்டாம் எஞ்சின் வந்தது. அவ்வெஞ்சின் இழுத்த தக்காளியால் இப்புதுப் பலகை வந்தது. பழைய மரம் ஒரு துண்டும் எஞ்சவில்லை. பழைய காரணம் முழுதும் எஞ்சியிருக்கின்றது. பழத்தை உண்பவர் கொட்டையை மறுக்கலாகாது.

மகனாரின் கட்சிக்கு இதனினும் வலிய வாதம் ஒன்று உண்டு. கடன் வாங்கியவர் தந்தை. மகன் வேறு ஆள். ஒருவர் செய்ததை மற்றொருவர் ஏன் சுமக்கவேண்டும்? இதனை நாம் மதிக்கின்றோம். தந்தை குடித்துக் கெடுத்த கடனாயின், மகன் ஒன்றும் பெறாதவிடத்து, அவரைப் பிடித்து இழுப்பது அறமன்று. சட்டமும் வாரிசு பெற்ற சொத்தின் அளவுக்குமேல் அவரைக் கேளாது. ஆனால் இங்கே அவர் பெற்றது வண்டி. அதிலேயே அவர் அன்றாடம் உண்கின்றார். காலாவதிச் சட்டம், 1963 இத்தகைய கைமாற்றுக்கு மூன்றாண்டு எல்லை வைத்திருக்கின்றதே எனின், அவ்வெல்லை நீதிமன்றத்தின் கதவை மூடுகின்றதேயன்றிக் கடனையே அழிப்பதில்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, காலங்கடந்த கடனையும் தீர்ப்பதாகக் கடன்பட்டவர் எழுதிக் கையொப்பமிட்டால் அது செல்லும் என்கின்றது. இல்லாதுபோன கடனுக்கு எங்ஙனம் அவ்வாறு எழுதிக்கொடுக்க இயலும்?

மற்றப் பக்கத்தையும் சொல்லாது விடலாகாது. கூடியிருந்தோருள் ஒருவர் அம்மூதாட்டியாரைத் தூண்டி, வண்டியிற் பாதி உமதே, புதுப் பலகையிலும் உமக்குப் பங்கு உண்டு என்றார். இது எதிர்முனைப் பிழை. வண்டிக்குள் மாறாத ஒன்று உறைகின்றது, அதனுள் தம் பணம் என்றும் அப்படியே இருக்கின்றது என்று எண்ணுவது அது. அவர் கொடுத்தது கைமாற்று. கூட்டு முதல் அன்று. பிற்காலத்து உழைப்பு தந்தையுடையதும் மகனுடையதும் ஆகும். அவருக்கு உரியது மீதித் தொகை. வட்டி பேசாமையால் வட்டி கேட்பதற்கில்லை. ஆயினும் இத்தனை ஆண்டுகளில் ரூபாயின் மதிப்பு எவ்வளவு இறங்கிற்று என்பதை மகனாரே எண்ணிப் பார்த்து, விருப்பத்தோடு சேர்த்துக் கொடுப்பாராயின் அது அவருக்குப் பெருமை. கேட்டுப் பெறத்தக்கதன்று அது. யாதொன்றும் மாறவில்லை என்பாரும், எல்லாம் அழிந்துபோயிற்று என்பாரும் வழி தவறியவர்களே. அவ்விரண்டனையும் விலக்கியே ததாகதர் நடுவழி காட்டினார்.

இவ்வழக்கு ஒரு வண்டியோடு முடிவதாக நமக்குத் தோன்றவில்லை. நம் ஊரையே நோக்குங்கள். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்க வேலையைக் கையேற்றனர், 1956-இல் மைசூர் அரசிடமும், 1962-இல் மத்திய அரசிடமும் சென்றது, 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் என்னும் பெயர் வந்தது, 2001-இல் மூடப்பட்டது. இயக்குநர் மாறினர், மேஸ்திரிமார் மாறினர், பெயர்ப் பலகை மாறியது. சயனைடு மண்மேடுகளோ ஊரின் நடுவே நின்றுகொண்டிருக்கின்றன. காற்றடித்தால் அத்தூசு வீடுகளுக்குள் வருகின்றது. எந்த அமைப்பாயினும், அக்காலத்தில் இருந்தோர் நாங்கள் அல்லேம் என்று சொல்லும்போது, மாம்பழக் கள்வனின் குரலே நம் காதில் விழுகின்றது. அப்பயனை இன்றும் உண்பவர் யார் என்று கேட்டால் பொறுப்பு யாருடையது என்பது புலப்படும்.

மகனார் பின்னர் அம்மூதாட்டியாரோடு அமர்ந்து, மீதி இவ்வளவென்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிட்டு, மாதந்தோறும் சிறிது சிறிதாய்க் கொடுக்க இசைந்தார் என்று கேள்வியுற்றோம்.

நம் அன்பர் ஒருவர் மேலும் ஓர் ஐயம் எழுப்பினார்: நாளை இவ்வண்டி விற்கப்படுமாயின், வாங்குபவரையும் அக்கடன் தொடருமோ? தொடராது. வாங்குபவர் விலை கொடுத்துப் பெறுகின்றார். அப்பணம் மகனார் கைக்கு வருகின்றது. கடனும் அப்பணத்தோடு அங்கேயே நிற்கும். ஆனால் புதுப் பலகையின்கீழ் எங்கேனும் ஓர் இற்ற கட்டை விடப்பட்டிருந்தால், அது வண்டியோடு கூடவே போகும். விற்பவர் அதனை விலை பேசுமுன்னரே வாய்திறந்து சொல்லிவிடவேண்டும்.