மைனஸ் மூன்று எங்கே இருக்கிறது?

ஏழாம் வகுப்பில் முழுக்கள் பாடம் நடக்கும்போது ஏதாவது ஒரு பெஞ்சிலிருந்து இந்தக் கேள்வி வந்துவிடும்: “மைனஸையும் மைனஸையும் பெருக்கினா எப்படி சார் பிளஸ் வரும்?” பல வகுப்பறைகளில் கிடைக்கும் பதில், “அதுதான் ரூல், எழுதிக்கோ.” பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள், மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். பின்னத்தையும் பரப்பளவையும் கனஅளவையும் எப்படியாவது கண்ணில் காட்டிவிடலாம். மூன்று மாம்பழங்களை மேசைமேல் வைக்கலாம். மைனஸ் மூன்று மாம்பழங்களை எங்கே வைப்பது?

கண்ணில் காட்ட முடியாத ஒன்றைப் பற்றி உண்மை, பொய் என்று பேச முடியுமா? அந்தக் கேள்வியைக் கேட்கும் பையன் அறியாமலே தத்துவத்தின் பழைய வழக்கு ஒன்றுக்குள் கால் வைத்துவிடுகிறான்.

இந்தியத் தத்துவ மரபுகளுள் ஒன்றைச் சேர்ந்த வைசேடிகர்கள் இந்த வழக்கைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள். அவர்களுக்கு எண் என்பது நிறம், சுவை போலப் பொருளில் உறையும் குணம். ஆனால் இரண்டு, மூன்று முதலியவை ‘இது ஒன்று, இது ஒன்று’ என்று எண்ணும் புத்தியால் தோன்றுபவை; அந்தப் புத்தி நீங்கினால் அவையும் நீங்கும். அதற்கு அபேட்சா புத்தி என்று பெயர். இல்லாமையையும் அவர்கள் தனிப் பதார்த்தமாக வைத்தார்கள்: அபாவம். ‘தரையில் குடம் இல்லை’ என்பதும் மெய்யான அறிவே. மைனஸ் மூன்றுக்கு இங்கே இடம் கிடைத்துவிடும் போலத் தோன்றும். கிடைப்பதில்லை. குடம் இல்லாத தரையில் இருப்பது பூஜ்ஜியம் குடம்; மைனஸ் ஒரு குடம் அல்ல.

கி.பி. 628இல் பிரம்மகுப்தர் ‘பிராம்மஸ்புட சித்தாந்த’த்தில் தனம் (சொத்து), ருணம் (கடன்) என்று இரு வகை எண்களுக்கும் விதி எழுதிவைத்தார். ருணத்தை ருணத்தால் பெருக்கினால் தனம் என்பதும் அதில் உண்டு. கூட்டிக் கழிப்பதற்குக் கடன் கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது. பெருக்கலில்தான் சிக்கல். ஐந்நூறு ரூபாய்க் கடனை இருநூறு ரூபாய்க் கடனால் பெருக்குவது என்றால் என்ன?

பன்னிரண்டாம் நூற்றாண்டு பாஸ்கரரிடம் இந்தத் தயக்கத்தின் இரண்டு பக்கமும் தெரிகிறது. ‘லீலாவதி’யில் ஒரு முக்கோணம்: அடிப்பக்கம் 9, மற்ற இரண்டும் 10, 17. உச்சியிலிருந்து இறக்கும் செங்குத்துக்கோடு அடிப்பக்கத்தை எப்படிப் பிரிக்கும் என்று கணக்கிட்டால் ஒரு துண்டு 15, மற்றது மைனஸ் 6. பாஸ்கரர் கலங்கவில்லை. மைனஸ் என்றால் எதிர்த்திசை என்கிறார். வரைந்து பார்த்தால் கோடு அடிப்பக்கத்துக்கு வெளியே, சரியாக 6 அலகு தள்ளித்தான் விழுகிறது.

அதே பாஸ்கரரின் ‘பீஜகணித’த்தில் ஒரு குரங்குக் கூட்டம். ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றைக் கழித்து, வந்ததை வர்க்கமாக்கினால் எவ்வளவோ அத்தனை குரங்குகள் குகைக்குள் போய்விட்டன; மீதி ஒன்று கிளையில். மொத்தம் எத்தனை? 50, 5 இரண்டுமே சமன்பாட்டுக்குப் பொருந்தும். ஆனால் ஐந்தில் ஒரு பங்கு 1. அதிலிருந்து மூன்றைக் கழித்தால் மைனஸ் 2. அதன் வர்க்கம் 4 ஆகிக் கணக்கு நேராகிவிடுகிறது என்றாலும் உலகத்தார் ஒப்பமாட்டார்கள் என்று 5ஐத் தள்ளிவிடுகிறார். திசைக்கு ஒத்துக்கொண்ட மைனஸைக் குரங்குக்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

ஐரோப்பாவில் இந்தத் தயக்கம் இன்னும் நெடுநாள் நீடித்தது. 1831இல்கூட லண்டன் கணிதப் பேராசிரியர் டி மார்கன் இதை விடவில்லை. தந்தைக்கு 56 வயது, மகனுக்கு 29. எப்போது தந்தையின் வயது மகனுடையதைப் போல இரண்டு மடங்காகும்? விடை மைனஸ் 2. இது அபத்தம், கேள்வியைத்தான் திருத்த வேண்டும் என்றார் அவர். ‘எப்போது இரு மடங்காக இருந்தது’ என்று கேட்டால் இரண்டு ஆண்டுகளுக்கு முன், 54க்கு 27. நம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த மைனஸை வெகு சாதாரணமாகக் கையாள்கிறார்கள்.

சரி, பிளஸ் ஏன் வருகிறது? மைனஸ் 5ஐ (3 + மைனஸ் 3) என்பதால் பெருக்குவோம். அடைப்புக்குள் இருப்பது பூஜ்ஜியம், ஆகவே விடையும் பூஜ்ஜியம். பிரித்துப் பெருக்கினாலும் அதே விடை வர வேண்டும். மைனஸ் 5ஐ மூன்று முறை கூட்டினால் மைனஸ் 15. அதோடு மைனஸ் 5 பெருக்கல் மைனஸ் 3 சேர்ந்து பூஜ்ஜியம் ஆக வேண்டுமென்றால், அது பிளஸ் 15ஆகத்தான் இருக்க முடியும். கரும்பலகையில் நான்கு வரி.

இந்த நான்கு வரியில் மாம்பழமும் இல்லை, கடனும் இல்லை. பிரித்துப் பெருக்கலாம் என்ற பங்கீட்டுப் பண்பு மைனஸ் எண்களுக்கும் செல்லும் என்று முதலில் வைத்துக்கொள்கிறோம். வைத்துக்கொண்டது நாம்தான், அதற்குப் பிறகு நமக்குச் சுதந்திரம் இல்லை. ஜெர்மானியக் கணித அறிஞர் ஹாங்கல் 1867இல் இதைத் தெளிவாக்கினார்: குறி விதிகள் உலகப் பொருள்களைப் பார்த்து நிரூபிக்கப்படுபவை அல்ல, பழைய விதிகளைக் காப்பாற்ற விரும்பினால் தவிர்க்க முடியாமல் வந்து சேர்பவை.

அதே நாட்டுக் கணித அறிஞர் குரோனெக்கர் முழு எண்கள் கடவுளின் படைப்பு, மற்றவை மனிதனின் வேலை என்று சொன்னதாகச் சொல்வார்கள். மைனஸ் மூன்று எந்தப் பங்கில் சேரும்? குறை எண்களே இல்லாமல் கணக்கை எழுதவும் அவர் வழி காட்டியிருப்பதால், அதை மனிதன் பங்கில்தான் சேர்த்திருப்பார்.

இத்தோடு வழக்கு முடிந்துவிடுவதில்லை. வெறும் மனித ஏற்பாடு என்றால், பாஸ்கரரின் முக்கோணத்தில் செங்குத்துக்கோடு எங்கே விழும் என்று அந்த ஏற்பாடு எப்படி முன்கூட்டியே சொன்னது? காகிதத்தில் கோடு போட்டவர் யாரும் அதை மைனஸ் விதிக்குக் கட்டுப்படச் சொல்லவில்லை. ‘ஏன் பிளஸ்’ என்ற கேள்விக்கு ஆசிரியர் அன்றைக்கே விடை தந்துவிடலாம். ‘மைனஸ் மூன்று எங்கே இருக்கிறது’ என்பது அப்படி அடங்காது. ஒன்பதாம் வகுப்பில் இரண்டின் வர்க்கமூலத்திடமும் பன்னிரண்டாம் வகுப்பில் மைனஸ் ஒன்றின் வர்க்கமூலத்திடமும் அதே பையன் அதை மறுபடி கேட்க வேண்டியிருக்கும்.