யார் வீட்டு முதுகு?

சித்திரை மாதத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால், உளுந்து எடுத்த வயல்களில் மூன்று குச்சிகள் நட்டிருப்பதைப் பார்க்கலாம். காவிரியில் மணல், வாய்க்காலில் வெடிப்பு. ஜூன் 12-ல் மேட்டூரைத் திறப்பார்களோ மாட்டார்களோ என்று பெரியவர்களுக்குக் கவலை. பையன்களுக்கு அது கிடையாது. தண்ணீர் வருகிற வரையில் வயல் அவர்களுடையது. ஊருக்கு ஊர் கிரிக்கெட் பந்தயம். ஜெயித்தால் ஒரு கோப்பை, கொஞ்சம் பணம், ஒரு வருஷத்துப் பெருமை.

என் அண்ணன் பேரனுக்குப் பதினாறு வயது. வேகமாகப் பந்து வீசுவான். போன கோடையில் காலையில் பஸ் ஏறித் தஞ்சாவூர் போய் உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்குவான். சாயங்காலம் வயலில் மாட்ச். ஞாயிற்றுக்கிழமை என்றால் மூன்று மாட்ச் கூட உண்டு. "உடம்பு இரும்பாகுது, சின்னத் தாத்தா" என்பான். எனக்கும் பெருமைதான். ஒரு நாள் கடைசி ஓவருக்கு முன் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். "இன்னும் ஆறே பந்துதாண்டா!" என்று வரப்பிலிருந்து கத்தியவர்களில் நானும் ஒருவன். வீசினான், ஜெயித்தோம். அன்று இரவு அவனால் குனிந்து பாய் விரிக்க முடியவில்லை.

எலும்பு முறியவில்லை என்றார் டாக்டர். ஆனால் முறிவதற்கு வேண்டிய ஏற்பாடுகளை நாங்கள் செய்துகொண்டிருக்கிறோம் என்றும் சொன்னார். மூன்று வாரம் பந்தைத் தொடக்கூடாது.

வேகமாக வீசுகிறவனின் முன்கால் தரையில் ஊன்றும்போது, உடல் எடையைப்போல் பல மடங்கு பாரம் மேலே ஏறுகிறது. அதே கணத்தில் இடுப்பு வளைந்து முறுக்குகிறது. பதினாறு வயதில் முதுகெலும்பு இன்னும் முற்றியிருக்காது. ஒரே இடத்தில் ஓயாமல் அடி விழுந்தால் விரிசல் காணும். "டென்னிஸ் பந்துதானே!" என்பது வீண் சமாதானம். பாரம் பந்தில் இல்லை; காலை ஊன்றுவதில் இருக்கிறது. 1987-ல் தொடங்கிய சென்னை வேகப்பந்துப் பயிற்சிக் கூடத்தில் பல வருஷம் கற்றுக்கொடுத்த டென்னிஸ் லில்லியே 1973-ல் முதுகெலும்பில் விரிசல் கண்டு படுத்தவர்தான். பொறுமையாக உடம்பைத் தேற்றிக்கொண்டு மீண்டும் ஆட வந்தார்.

எடை தூக்குவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. தசை வளர்வது தூக்குகிறபோது அல்ல, தூக்கிவிட்டு ஓய்ந்திருக்கிறபோது. ஓய்வைத் திருடிவிட்டால் பயிற்சியும் மற்றொரு மாட்ச் ஆகிவிடும். மாட்ச் இல்லாத வாரங்களில் கடும் பயிற்சி, மாட்ச் உள்ள வாரங்களில் லேசான பயிற்சி என்று முறை வைக்க வேண்டும். ஒரு வாய்க்கால் தண்ணீரை இரண்டு ஊர் பங்கிடும்போது நாம் முறை வைப்பதில்லையா? அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்தில் பந்தெறியும் பையன்களுக்கு 2014-ல் ஒரு வரம்பு வகுத்தார்கள். 15, 16 வயதுப் பையன் ஒரு நாளில் 95 பந்துக்கு மேல் எறியலாகாது. 76-ஐ எட்டிவிட்டால் நாலு நாள் ஓய்வு.

"சின்னப்பம்பட்டி நடராஜன் என்ன கணக்குப் பார்த்தா வீசினார்?" என்று ஊர்ப் பையன்கள் என்னை மடக்கினார்கள். வாஸ்தவம். டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர்தான், 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக இறங்கினார். ஆனால் அவருக்கும் 2021-ல் முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. தவிர, கரையேறியவர் ஒருவரை நாம் பார்க்கிறோம். பத்தொன்பது வயதில் முதுகு போய் வீட்டோடு நின்றவர்களை யார் பார்க்கிறோம்?

இன்னொரு கேள்வி இதைவிடக் கடினமானது. எல்லாப் பையனும் நடராஜன் ஆகப்போவதில்லை. இவன் நாளை ஒரு குமாஸ்தா ஆகலாம். அப்படியானால் இருக்கிற இரண்டு கோடையில் ஆசை தீர ஆடட்டுமே, வராத நாளைக்காக வந்த இன்றைப் பறிப்பானேன்? நானும் யோசித்தேன். குமாஸ்தாவுக்கும் முதுகு வேண்டும். நாற்றுக்கட்டுத் தூக்கவும் அதே முதுகுதான் வேண்டும். கோப்பையை ஊர் பங்கு போட்டுக்கொள்ளும். வலியைப் பங்கு போட்டுக்கொள்ள ஒருவரும் வரமாட்டார்கள். ஊரே கைதட்டும்போது 'முடியாது' என்று சொல்லப் பதினாறு வயதுக்குத் துணிவு இராது. அந்தச் சொல்லை அவனுக்காகப் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும். நாமோ, பெரும்பாலும் கைதட்டுகிற பக்கத்தில்தான் நிற்கிறோம்.

இறுதிப் பந்தயம் மூன்றாவது வாரத்தில் வந்தது. கூடாது என்றேன். வரப்பில் உட்கார்ந்து பார்த்தான். எங்கள் ஊர் தோற்றது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "அன்னிக்கு வரப்பிலேருந்து நீங்களும்தானே கத்தினீங்க, சின்னத் தாத்தா?" என்று கேட்டான்.

அப்போது பதில் சொல்ல வாய் வரவில்லை. இதைப் படித்தானானால், இதுதான் என் பதில் என்று வைத்துக்கொள்ளட்டும்.