தீர்த்தமும் தீட்டும்

நம்மூரில் தீர்த்தம் என்றால் பெருமாள் கோயிலில் பட்டர் உள்ளங்கையில் விடும் துளசி நீர். வங்காளத்தில் அந்தச் சொல்லுக்கு யாத்திரைத் தலம் என்று பொருள். கொல்கத்தாவுக்குக் கிழக்கே, ராஜர்ஹாட் வயல்வெளி இருந்த இடத்தில் எழுந்த நியூ டவுனில் அப்படி இரண்டு தீர்த்தங்கள் உண்டு. ஒன்று ரவீந்திர தீர்த்தம், மற்றொன்று நஸ்ருல் தீர்த்தம். இரண்டிலும் சந்நிதி கிடையாது. பாட்டு எழுதிய இரண்டு பேருக்காகக் கட்டிய கலைக்கூடங்கள் அவை.

இரண்டாமவர் கதை சுவாரசியமானது. காஜி நஸ்ருல் இஸ்லாம் நபிகளைப் பற்றியும் பாட்டு எழுதினார். காளியை அம்மா என்று கூப்பிட்டு சியாமா சங்கீதமும் எழுதினார். இரண்டு பக்கத்திலும் வசவு வாங்கினார். இன்று அந்தக் காளிப் பாட்டுகளைப் பூஜைப் பந்தலில் போடும்போது எழுதியவர் யாரென்று யாரும் முகம் சுளிப்பதில்லை.

பாட்டுக்காரனுக்குத் தலம் எழுப்பும் இதே ஊர் ஒரு பாட்டுக்காரிக்கு மண்டபத்தைத் தர மறுத்ததும் உண்டு. அவர் தமிழ்ப் பெண், உஷா உதுப்.

1947இல் பம்பாயில் தமிழ் ஐயர் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா போலீஸ் அதிகாரி. பள்ளியில் சங்கீத வகுப்பிலிருந்து வெளியே அனுப்பப்பட்டார். ஆண் குரலோ என்று ஐயுற வைக்கும் அந்தக் கனத்த சாரீரம் கோஷ்டியில் ஒட்டவில்லை. 1969இல் சென்னைக்கு வந்தவர், மவுண்ட் ரோடு சஃபையர் தியேட்டர் வளாகத்தின் அடித்தளத்தில் இருந்த நைன் ஜெம்ஸ் கிளப்பில் பாட ஆரம்பித்தார். கிளப் பாடகி என்றால் கவுன் என்றிருந்த காலம். இவர் காஞ்சிபுரம் பட்டு, தலை நிறையப் பூ, பெரிய பொட்டு என்று மைக் முன்னால் நின்றார். கல்யாண வீட்டுக்குக் கிளம்பிய மாமி வழி தவறி வந்துவிட்டாரோ என்று முதல் வரிசைக்காரர்கள் நினைத்திருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அவர் விரும்பிப் பாடியவற்றில் ஒன்று 'ஃபீவர்'. 1956இல் அதை முதலில் பதிவு செய்தவர் லிட்டில் வில்லி ஜான். டெட்ராய்ட் நகரில் உடன்பிறந்தவர்களோடு தேவாலயப் பாட்டு பாடி வளர்ந்த கறுப்பினப் பையன். ஸோல் இசைக்கு முன்னோடி என்று அவரைச் சொல்வார்கள். 1968இல், முப்பது வயதில், வாஷிங்டன் மாநிலச் சிறையில் இறந்தார். சர்ச்சில் பழகிய தொண்டை பாடிய காமப் பாட்டு, மறு ஆண்டே மவுண்ட் ரோட்டில் ஒரு பட்டுப்புடவைக்குள்ளிருந்து ஒலித்தது.

சென்னையிலிருந்து கொல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டின் டிரிங்காஸ் உணவகத்துக்குப் பாடப் போனார். கோட்டயத்துக்காரரான ஜானி சாக்கோ உதுப்பை அங்கேதான் சந்தித்து மணந்தார். கொல்கத்தாவே அவர் ஊராயிற்று. நெற்றிப் பொட்டிலும் வங்காள 'க' எழுத்து ஏறியது.

1980களின் தொடக்கத்தில், இடது முன்னணி அரசின் பொதுப்பணித் துறை அமைச்சர் ஜதின் சக்கரவர்த்தி, உஷாவின் பாட்டு 'அபசம்ஸ்கிருதி' என்றார். பண்பாட்டுச் சீரழிவு என்று வைத்துக்கொள்ளலாம். மகாஜாதி சதன் அரங்கம் அவருக்கு மறுக்கப்பட்டது. 1939இல் தாகூர் அடிக்கல் நாட்டிய மண்டபம் அது. உஷா வழக்குப் போட்டார். கருத்துரிமையைக் காட்டி, 1984இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கடவுளை நம்பாத மார்க்சியர்கள் நடத்திய அரசு, கோயில் வாசல் காவல்காரனைப் போலத் தீட்டுப் பார்த்தது என்பதுதான் இதில் வேடிக்கை.

ஒரு பாட்டில் புனிதம் எங்கே இருக்கிறது? சொல்லிலா, மெட்டிலா, பாடும் வாயிலா, பாடுகிற இடத்திலா?

அமெரிக்காவில் இந்தக் கேள்வி 1954இல் வெடித்தது. ரே சார்ல்ஸ், வானொலியில் கேட்ட ஒரு ஏசு பாட்டின் துள்ளலை எடுத்து, ஏசு இருந்த இடத்தில் ஒரு பெண்ணை வைத்து 'ஐ காட் எ வுமன்' பாடினார். ப்ளூஸ் மேதை பிக் பில் ப்ரூன்ஸியே அதைக் கண்டித்தார். அவர் சொன்னதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. கறுப்பின மக்கள் தமக்கென்று வைத்திருந்த ஒரே இடம் சர்ச். அங்கே அழுது உருக்கிய மெட்டை மதுக்கூடத்தில் விற்றால் வீட்டு நகை களவு போனது போலத்தான் இருக்கும்.

ஆனால் தமிழனுக்கு இதில் அதிர்ச்சி கொள்ள உரிமை உண்டா என்பது சந்தேகம். நம்மாழ்வார் பராங்குச நாயகியாகி உடல் மெலிந்து ஏங்கினார். ஆண்டாளின் ஏக்கத்தில் எந்தப் பூச்சும் இல்லை. இவற்றைச் சந்நிதியில் நின்று சேவிக்கிறோம். காதலின் மொழியைக் கடவுளுக்குக் கொண்டுபோனால் பக்தி. கடவுளின் மெட்டைக் காதலுக்குக் கொண்டுவந்தால் பாவம். போகிற வழி திறந்து கிடக்கிறது, வருகிற வழியில் மட்டும் சோதனைச் சாவடி.

அந்தச் சாவடியில் சோதிக்கப்படுவது பெரும்பாலும் பாட்டு அல்ல, பாடுகிற பெண். க்ஷேத்ரக்ஞரின் பதங்கள் கண்ணனைப் பற்றியவைதாம். தேவதாசிகள் அபிநயித்தபோது அவை ஆபாசமாயின. அந்த மரபில் வந்த டி. பாலசரஸ்வதி, 1975இல் தமிழ் இசைச் சங்க மாநாட்டின் தலைமை உரையில், சிருங்காரமே பரதத்தின் உச்சம் என்றும் அதைச் சுத்தப்படுத்த யாரும் வர வேண்டியதில்லை என்றும் வாதாடினார்.

சிலருக்கு வாசல் தானாகவே திறந்துவிடுகிறது. ஸோல் இசையின் அரசி அரீத்தா ஃபிராங்க்ளின் 1972இல் லாஸ் ஏஞ்சலஸ் தேவாலயம் ஒன்றில் இரண்டு இரவு பாடினார். மகள் சர்ச்சை விட்டுப் போனதே இல்லை என்று போதகரான அவர் அப்பா அங்கேயே சொன்னார். அரீத்தாவின் ஆல்பங்களில் அதிகம் விற்றது அந்த இரவுகளின் பதிவுதான்.

உஷாவின் வழி வேறு. 1980இல் 'பியாரா துஷ்மன்' படத்தில் பப்பி லாஹிரி இசையில் 'ஹரி ஓம் ஹரி' பாடினார். மேல்நாட்டு டிஸ்கோ மெட்டில் நாராயண நாமம்! மூலப் பாட்டின் பெயர் 'ஒன் வே டிக்கெட்'. ஒருவழிப் பயணம் என்று பெயர் வைத்த மெட்டே இரண்டு பக்கமும் ஓடிவிட்டது.

2024இல் அவருக்குப் பத்ம பூஷண் கிடைத்தது. பட்டுப்புடவையோடு காஞ்சிபுரம் ஜரிகை ஒட்டிய கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு இன்னும் மேடை ஏறுகிறார். நியூ டவுன் பக்கம் போகிறவர்கள் நஸ்ருல் தீர்த்தத்தையும் எட்டிப் பார்க்கலாம். அங்கே சினிமாவும் ஓடுகிறது. டிக்கெட் வாங்கினால் போதும், செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை.