மேற்பூச்சு

ஒரத்தநாட்டில், கடைத்தெருவுக்குச் சற்று அப்பால், எனக்கு வேண்டிய நண்பர் ஒருவரின் இல்லம். சென்ற புரட்டாசியில், அவ்வீட்டின் உள்ளறையிலிருந்த அலமாரி ஒன்று திண்ணைக்கு வந்து சேர்ந்தது. சுவரோடு சுவராக அறுபது ஆண்டுகள் நின்ற தேக்கு அலமாரி. மேலே நிலைக்கண்ணாடி, கீழே நான்கு இழுப்பறைகள், அவற்றுக்குப் பித்தளைக் கைப்பிடிகள். நண்பரின் தாயார் மணமகளாய் அவ்வீட்டு வாயிலை மிதித்த நாளில், மாட்டு வண்டியில் ஏற்றி அவருடன் அனுப்பப்பட்ட சீர்வரிசை அது. அம்மையார் மறைந்தார், அலமாரி நின்றது. இப்போது அதற்குப் புதுவண்ணம் பூச வேண்டுமாம்! ஏன்? பெயர்த்திக்குத் திருமணம். பாட்டிக்குச் சீராக வந்தது, பெயர்த்திக்குச் சீராகப் போக வேண்டுமாம்!

"பழசு என்று சம்பந்தி வீட்டில் ஒரு சொல் வந்துவிடக் கூடாது, அண்ணே! அதற்குத்தான் பூச்சு" என்றார் நண்பர். "அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை; நாமாகச் செய்வதுதான்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

வண்ணம் பூச வந்த தொழிலாளி, முதலில் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தார். மேலே பழுப்பு, அதற்கடியில் பச்சை, அதற்கும் அடியில் நீலம். வீட்டில் திருமணம் நடந்தபோதெல்லாம் ஒரு பூச்சு! கடைசியில் தேக்கின் வரி தெரிந்தது. "மரம் இரும்பு மாதிரி இருக்குங்க" என்றார். பிறகு அலமாரியின் பின்பக்கம் சென்றார். விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று. பின்பலகை தேக்கு அன்று. பிற்பாடு யாரோ அடித்த மட்டப் பலகை. அதனைக் கரையான் தின்று, மேலே காகிதம் போன்ற தோலை மட்டும் விட்டுவைத்திருந்தது.

"இதை அறுத்தெடுத்துவிட்டு வேறு பலகை போடணுங்க."

"நாள் இல்லையப்பா! பட்டி வைத்து மூடிப் பூசிவிடு. சுவர்ப்பக்கந்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்?"

"மூடலாங்க. ஐப்பசி மழை வரைக்கும் தாங்கும்."

தோழர்களே! புதுப்பித்தல் எது, மறைத்தல் எது? இரண்டுக்கும் தூரிகை ஒன்றே, வண்ணமும் ஒன்றே, கூலியும் ஒன்றே. பூசி முடித்த அன்று, பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். வேறுபாட்டை அறிவது எங்ஙனம்?

பழையதைத் தொடாதே என்பர் ஒரு சாரார். முன்னோர் தந்தது, மூத்தோர் ஆண்டது, அதில் கைவைக்க நீ யார் என்று கேட்பர். அவர்களிடம் நாம் கேட்பது ஒன்றே: தொடாமலிருந்ததால்தானே கரையான் வளர்ந்தது? பழையதைக் கொளுத்திவிடு என்பர் மற்றொரு சாரார். அவர்களுடைய சினம் நியாயமானது; முடிவு அவசரமானது. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் வீசிய கஜா புயலில் தென்னையும் தேக்கும் பலாவும் வேரோடு சாய்ந்ததைக் கண்ட பகுதி இது. ஒரு மரம் முற்றி உரமேற எத்தனை ஆண்டுகள் வேண்டும் என்பதை இம்மண்ணின் உழவனுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இதே ஊரில், இரண்டாம் சரபோசி மன்னர் எழுப்பிய முத்தம்மாள் சத்திரம் நிற்கிறது. வழிப்போக்கருக்குச் சோறும் மாணாக்கருக்குக் கல்வியும் தந்த இடம் அது. மன்னராட்சி போயிற்று, போகவேண்டியதுதான். பசித்தவனுக்குச் சோறும் சிறுவனுக்குக் கல்வியும் தருவது பழமை என்பதற்காகப் போக வேண்டுமா? பழையதில் தேக்கும் உண்டு, உளுத்ததும் உண்டு. பிரித்தறியத்தான் நமக்குப் பகுத்தறிவு!

வண்ணம் பூசுவதே பொய் என்று சிலர் கருதக்கூடும். அப்படியன்று. வண்ணம், ஈரம் மரத்துக்குள் புகாமல் தடுக்கிறது. அதன் வாழ்நாளை நீட்டுகிறது. தஞ்சையின் புகழ்பெற்ற ஓவியத்தைப் பாருங்கள். பொன்தகடும் வண்ணக்கல்லும் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால், ஓவியர் முதலில் தேடுவது பொன்னையா? பலகையை! காய்ந்த பலகையின்மீது துணியை ஒட்டி, அதன்மேல் சுண்ணப்பொடியைப் பசையுடன் குழைத்துப் பூசி, வழுவழுப்பாகத் தேய்த்தெடுத்த பின்னரே பொன்னுக்கு இடம். அடித்தளம் செம்மையானால் பூச்சு அழகு. அடித்தளம் உளுத்துவிட்டால் பூச்சு மோசடி. ஈரமரத்தின்மேல் பூசினால் என்ன ஆகிறது? உள்ளே அடைபட்ட ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சை உப்பவைக்கிறது, கொப்புளம் எழுகிறது, பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. மறைத்து வைத்த குறை, மறைத்த பூச்சையே தள்ளிக்கொண்டு வெளிவருகிறது!

சுரண்டுவதிலும் ஒரு முறை உண்டு. பழைய வண்ணங்களில் ஈயம் கலந்திருந்தது. இந்தியாவில் வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டலாகாது என்று 2016ஆம் ஆண்டில் விதி செய்யப்பட்டு, 2017 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சுகளில் எவ்வளவு இருக்குமோ! அதனை உலர்ந்த உப்புத்தாள் கொண்டு வேகமாகத் தேய்த்தால், நச்சுத்தூள் காற்றில் பறந்து குழந்தையின் மூச்சில் ஏறும். மூளையின் வளர்ச்சியையே கெடுக்கும். ஆகவே, நீர் தெளித்து நனைத்துத் தேய்க்க வேண்டும். முகத்தை முறையாக மூடிக்கொள்ள வேண்டும். பிள்ளைகளை அப்பால் அனுப்ப வேண்டும். தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். சீர்திருத்தம் பேசும் இளைஞர் நெஞ்சில் நிறுத்த வேண்டிய பாடம் இது. தீமையை அகற்றத்தான் வேண்டும். அகற்றும் வேகத்தில் எளியவர் மூச்சில் அதனைத் தூவிவிடலாகாது.

அலமாரிக்கு வருவோம். அதன்மேல் இருந்த பூச்சுகள் மூன்று என்றேன். தவறு! நான்காவது பூச்சு ஒன்றும் இருந்தது. அது தூரிகையால் பூசப்பட்டதன்று, நாவினால் பூசப்பட்டது. "கேட்கவில்லை, நாமாகச் செய்வதுதான்!"

1961ஆம் ஆண்டிலேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது. கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம் என்றது அது. உடனே வரதட்சணை ஒழிந்ததா? பெயரை மாற்றிக்கொண்டது! சீர் என்றனர், அன்பளிப்பு என்றனர், பெண்ணின் பாதுகாப்புக்காக என்றனர். 1984ஆம் ஆண்டுத் திருத்தம், எவரும் கேளாமல், வழக்கத்தையொட்டி, வசதிக்கு மிஞ்சாமல், முறைப்படி பட்டியலில் எழுதித் தரும் அன்பளிப்புக்கு விலக்களித்தது. பட்டியல் எழுதும் வீடு எங்கே? "கேட்கவில்லை" என்ற சொல் மட்டும் எல்லா வீட்டிலும் ஒலிக்கிறது! கேளாமலே கொடுக்கவைக்கும் வழக்கம், கேட்டு வாங்குபவனைவிடக் கொடியது. கேட்பவனிடம் இல்லை எனலாம். வாய் திறவாத வழக்கத்திடம் யார் இல்லை என்பது?

இன்னும் சற்றுச் சுரண்டினால் மரமே தெரிந்துவிடும். காவிரிப் படுகையில் செல்வம் என்பது யாது? அலமாரியா, கட்டிலா, வெண்கலப் பானையா? நிலம்! மகளுக்கு அலமாரி, மகனுக்கு நிலம். இதுவே நெடுநாளைய ஏற்பாடு. 1929ஆம் ஆண்டில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கும் ஆணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1989ஆம் ஆண்டில் தமிழ்நாடு அதற்குச் சட்டம் செய்தது. 2005ஆம் ஆண்டில் நாடு முழுமைக்கும் அது சட்டமாயிற்று. மகளுக்கு இவ்வுரிமை பிறப்பால் வருவது என்று 2020ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது. ஆனால், ஊரில் நடப்பது என்ன? திருமணப் பேச்சோடு பேச்சாக ஒரு விடுதலைப் பத்திரம் எழுதப்படுகிறது. "சீர் செய்து அனுப்புகிறோமே, பங்கு எதற்கம்மா?" என்று அன்பொழுகக் கேட்கின்றனர். பெண் கையொப்பமிடுகிறாள். சீர் என்பது கொடுத்ததன் அடையாளம் என்கிறார்கள். இல்லை, தோழர்களே! கொடுக்காததன்மேல் பூசிய பூச்சு அது!

நண்பரின் மகள் கால்நடை மருத்துவம் பயின்றவள். அன்று திண்ணைக்கு வந்து, அலமாரியின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தாள். "பெரியப்பா, பாட்டி இதில் என்ன வைத்திருந்தார் தெரியுமா? மேல் இழுப்பறையில் தாத்தாவின் சட்டை, அடுத்ததில் அப்பாவின் துணி, மூன்றாவதில் வீட்டுக் கணக்கு. தம்முடைய இரண்டு புடவையைக் கொடியில்தான் போட்டிருந்தார். சாவிகூட அவரிடம் இல்லை" என்றாள். பிறகு தந்தையின் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, இது இங்கேயே இருக்கட்டும். பின்பலகையை மாற்றிவிடுங்கள். எனக்குச் சீர் வேண்டாம். அந்தப் பத்திரத்திலும் நான் கையெழுத்திட மாட்டேன்."

நண்பர் என்னைப் பார்த்தார். நான் அலமாரியைப் பார்த்தேன். அவர் கொடியவர் அல்லர். மகளைக் கண்ணாகக் காப்பவர். பலர் அப்படித்தான். கரையானை வளர்ப்பவர் எவரும் இல்லை. சுவர்ப்பக்கம்தானே என்று விட்டுவிடுபவர்களே எல்லோரும்! நெடுநேரம் அவர் வாய் திறக்கவில்லை. கடைசியில் தொழிலாளியிடம், "பலகையை அறுத்து எடுங்கள்" என்றார். பத்திரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதற்கான பேச்சு இன்னும் அவ்வீட்டில் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு நாள் சுரண்டலில் அறுபது ஆண்டுப் பூச்சு போய்விடாது என்பதை நான் அறிவேன்.

அலமாரிக்கு இன்னும் வண்ணம் பூசவில்லை. மழை ஓய்ந்து, மரம் நன்றாகக் காய்ந்த பிறகு, தை மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறார் தொழிலாளி. இப்போது அது பின்பக்கம் திறந்தபடி, வரி தெரிய, கூடத்தில் நிற்கிறது. வருவோர் போவோர் எல்லாம் "ஏன் இப்படி அலங்கோலமாய் நிற்கிறது?" என்று கேட்கின்றனர். அலங்கோலமன்று, அறுபது ஆண்டுகளில் முதல் தடவையாக அது உண்மையாய் நிற்கிறது!

இளைஞனே! உன் இல்லத்திலும் ஓர் அலமாரி இருக்கும். மரத்தால் ஆனதாய் இருக்கலாம். வழக்கத்தால் ஆனதாயும் இருக்கலாம். முன்பக்கத்துப் பளபளப்பைப் பார்த்து வணங்காதே. வெகுண்டு கோடரியையும் தூக்காதே. சுவரிலிருந்து அதனைச் சற்று நகர்த்து. பின்பக்கம் சென்று, விரலால் அழுத்திப் பார். உறுதியானதை வைத்துக்கொள், உளுத்ததை அறுத்தெறி, காயவிடு. வண்ணம் பிறகு!