அரிசியில் எழுதிய கை யாருடையது?

ஏடு தொடக்கலில் குழந்தை தானாக எழுதுவதில்லை. தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில், குருக்களோ ஆசிரியரோ வீட்டுப் பெரியவரோ குழந்தையின் வலக்கைச் சுட்டுவிரலைப் பிடித்து ‘அ’ என்று எழுதுவிக்கிறார். கூடவே அதைச் சொல்லவும் வைக்கிறார். நவராத்திரியின் கடைசி மூன்று நாள்கள் சரஸ்வதிக்கு உரியவை. அவற்றை அடுத்த விஜயதசமியில் இலங்கைச் சைவர்கள் இதைச் செய்வது வழக்கம். தைப்பூசத்திலும் பஞ்சாங்கம் குறிக்கும் வேறு நல்ல நாள்களிலும் செய்வதுண்டு. குழந்தைக்கு வயது பெரும்பாலும் மூன்று. சில நிமிடங்களில் சடங்கு முடிந்துவிடும். ஆனால் அது ஒரு கேள்வியை விட்டுச் செல்கிறது: அரிசியில் தோன்றிய அந்த எழுத்தை எழுதியவர் யார்? விரல் குழந்தையுடையது, அசைவு பெரியவருடையது, வடிவமோ இருவருக்கும் முன்பே இருந்தது. அறிவு எங்கிருந்து வருகிறது என்ற பழைய வினா இங்கே ஒரு தாம்பாளத்துக்குள் அடங்கியிருக்கிறது.

இந்தக் கேள்வியை எழுப்ப அலவத்துகொடை பொருத்தமான இடம். கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் ஏ9 வீதியில், கட்டுகஸ்தோட்டையையும் அக்குறணையையும் தாண்டி வரும் ஊர் இது. சிங்களவரும் தமிழ் பேசும் முஸ்லிம்களும் தமிழரும் அருகருகே வாழும் பகுதி. இதே வீதியில் மாத்தளையைக் கடந்தால் அலுவிகாரை வரும். பல தலைமுறைகளாக மனப்பாடமாகவே காக்கப்பட்டுவந்த திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அங்கேதான் ஓலையில் எழுதப்பட்டது என்று பௌத்த மரபு சொல்கிறது. நாவில் இருந்தது கைக்கு வந்த அந்த மாற்றம் ஒவ்வொரு குழந்தையிடமும் சிறிய அளவில் மறுபடி நடக்கிறது. சைவக் குழந்தைக்கு அது ஏடு தொடக்கல். சிங்கள வீட்டில் சுபநேரம் பார்த்து, பிக்குவோ கற்றறிந்த ஒருவரோ குழந்தைக்கு முதல் எழுத்துகளை வாசித்துக் காட்டுவார். முஸ்லிம் குழந்தை பிஸ்மி சொல்லி, ஓதப் பள்ளிக்கூடத்தில் அரபியின் முதல் எழுத்தான அலிஃபில் தொடங்கும். அலிஃபைக் கற்ற அதே பிள்ளை முன்பள்ளியில் ‘அ’வையும் கற்கிறது. மூன்று மரபுகளிலும் முதல் எழுத்தை ஒருவர் கொடுக்கிறார்; எந்தக் குழந்தையும் அதைத் தனியே போய்க் கண்டெடுப்பதில்லை.

ஏன் கொடுக்க வேண்டியிருக்கிறது? பிளேட்டோவின் ‘மெனோ’ உரையாடலில், படிக்காத ஓர் அடிமைச் சிறுவனிடம் சோக்ரதீஸ் கேள்விமேல் கேள்வி கேட்டு ஒரு வடிவகணித உண்மையை வெளிக்கொணர்கிறார். கற்பது என்பது ஆன்மா முன்பே அறிந்ததை நினைவுகூர்வது என்பது அவர் வாதம். வடிவகணிதத்துக்கு இது ஓரளவு பொருந்தலாம். எழுத்துக்குப் பொருந்தாது. சுழியில் தொடங்கி வளைந்து, குறுக்கே ஓடி, நேர்க்கோட்டில் முடியும் இந்த வடிவத்துக்கு இந்த ஒலி என்று எத்தனை கேள்வி கேட்டாலும் ஒரு குழந்தையிடமிருந்து வரவழைக்க முடியாது. அந்த உறவு மக்கள் செய்துகொண்ட ஏற்பாடு. தமிழ்ப் பிராமியில் ‘அ’ இருந்த வடிவம் வேறு, வட்டெழுத்தில் வேறு, இன்று வேறு. ஒலியின் நிலை அப்படியன்று. வாயைத் திறந்தாலே அகரம் பிறக்கிறது. தொல்காப்பியத்தின் பிறப்பியல் அகர ஆகாரங்களுக்குச் சொல்லும் இலக்கணமும் அதுவே. அழத் தெரிந்த குழந்தைக்கு ‘அ’வின் ஒலி முன்பே சொந்தம். வரிவடிவம் மட்டும் பிறர் கையிலிருந்து வரவேண்டும். மனிதர் கற்கும் பொருள்களுள் கொடையாக மட்டுமே கிடைக்கக்கூடியது எது என்று தேடினால், எழுத்தைப் போலத் தெளிவான எடுத்துக்காட்டு வேறு கிடைப்பது அரிது.

திருக்குறளின் முதற்பாவும் உமாபதி சிவாசாரியரின் திருவருட்பயனின் முதற்பாவும் இறைவனுக்கு அகரத்தையே உவமையாக்குகின்றன. பகவத்கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் கண்ணன் எழுத்துகளுள் தன்னை அகரமாகச் சொல்கிறான். இந்த உவமைகள் சாய்ந்து நிற்பது ஒலியின்மேல்: மற்ற ஒலிகள் எழும்போதெல்லாம் அகரம் அவற்றுள் நிறைந்து நிற்கிறது என்பது உரையாசிரியர் பலரின் விளக்கம். அரிசித் தாம்பாளமோ வரிவடிவத்தைப் பற்றியது. சடங்கை விளக்க வருவோர் பெரும்பாலும் இந்த உவமையோடு நின்றுவிடுகிறார்கள். சைவ சித்தாந்தத்தில் இதைவிட நெருக்கமான விளக்கம் இருக்கிறது.

அது மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில், பதினோராம் சூத்திரத்தில் உள்ளது. கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டு; ஆனால் உயிர் கூடி நின்று காட்டினாலன்றி அது எதையும் காணாது. காட்டும் உயிர் தானும் கண்ணோடு சேர்ந்து காண்கிறது. அதுபோல உயிருக்கு அறியும் ஆற்றல் உண்டு. இறைவன் உடன் நின்று அறிவித்தாலன்றி அதுவும் அறியாது. அறிவிக்கும் இறைவன் உயிரோடு சேர்ந்து அறியவும் செய்கிறான். பின்வந்தோர் இவற்றைக் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று பிரித்துப் பெயரிட்டனர். உயிர் எதைச் சார்கிறதோ அதன் இயல்பைப் பெறும் என்பது இதற்கு அடிப்படை.

கை பிடித்து எழுதுவிக்கும் செயலை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் பல விஷயங்கள் தெளிகின்றன. மூன்று வயதுக் குழந்தை நேர்க்கோடு கிழிக்கும், வட்டம் போட முயலும். குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகளை இணைக்கும் திறன் பொதுவாக நான்கு வயதை ஒட்டியே வருகிறது. சுழி, வளைவு, குறுக்குக்கோடு, நேர்க்கோடு எல்லாம் கொண்ட ‘அ’வை அந்தக் குழந்தையால் பார்த்து எழுத இயலாது. ஆகவே பெரியவரின் கை அங்கே வெறும் அலங்காரமில்லை. அது காட்டும் உபகாரம். அதே நேரத்தில் பெரியவர் தமக்காக எழுதவில்லை. குழந்தையின் விரல் போகும் வேகத்தில், அதன் கை தாங்கும் அளவில், அதனுடன் சேர்ந்து மறுபடி முதல் எழுத்தை எழுதுகிறார். அது காணும் உபகாரம். எழுதியவர் யார் என்ற கேள்விக்கு, குழந்தை என்றோ பெரியவர் என்றோ பிரித்துச் சொல்லும் விடை எதுவும் சரியாகாது. இருவரும் ஒருவராகிவிடாமல், பிரிந்தும் நில்லாமல் ஒரு செயல் நடக்கிறது. அத்துவிதம் என்று சித்தாந்தம் சொல்லும் உறவை விளக்க ஆசிரியர்கள் எத்தனையோ உவமைகளைத் தேடியிருக்கிறார்கள். அந்த உறவை உடலால் நடத்திக் காட்டும் நிகழ்ச்சி ஆண்டுதோறும் கண்டி, மாத்தளைக் கோயில்களில் வரிசையாக நடந்துகொண்டிருக்கிறது.

மற்ற மரபுகளில் அழுத்தம் வேறிடத்தில் விழுகிறது. ஹிரா குகையில் வானவர் ஓதுமாறு சொன்னபோது, தமக்கு ஓதத் தெரியாது என்று நபி முஹம்மது (ஸல்) பதில் சொன்னார்கள் என்றும், வானவர் அவர்களை மும்முறை இறுக அணைத்து விட்டார் என்றும் ஹதீஸ் கூறுகிறது. அங்கே இறங்கிய வசனங்கள் குர்ஆனின் 96ஆம் அத்தியாயத்தின் தொடக்கமாக உள்ளன. எழுதுகோலால் கற்பித்தவன், மனிதன் அறியாததை அவனுக்குக் கற்பித்தவன் என்று அவை இறைவனைப் போற்றுகின்றன. கற்பிப்பவன் இறைவன், கருவி எழுதுகோல். ஆனால் ஓதுபவர் ஓதுபவராகவே நிற்கிறார். சித்தாந்தம் சொல்வதுபோல இறைவன் உடன் நின்று காண்பதாக அங்கே பேச்சில்லை. பௌத்தம் இன்னும் விலகிச் செல்கிறது. முயல வேண்டியவர் அவரவரே, ததாகதர்கள், அதாவது புத்தர்கள், வழியைச் சொல்வோர் மட்டுமே என்பது தம்மபதத்தின் நிலை. அந்த நோக்கில், பிடித்த கையைவிட, கை விட்ட பிறகு குழந்தை எடுக்கும் முயற்சியே கல்வி.

இந்த இடத்தில்தான் இன்றைய முன்பள்ளி வருகிறது. இலங்கையில் பலர் முன்பள்ளியையே ‘மொண்டிசோரி’ என்றுதான் சொல்கிறார்கள். 1907இல் ரோமில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மொண்டிசோரி, பிரம்மஞான சபையின் அழைப்பில் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலத்தை இந்தியாவில் கழித்தார். வழவழப்பான அட்டையில் உப்புத்தாளால் வெட்டி ஒட்டிய எழுத்து அவருடைய கருவிகளுள் ஒன்று. குழந்தை அதை விரலால் தடவுகிறது. தடம் மாறினால் சொரசொரப்பு மறைந்து வழவழப்பு தட்டுப்படுகிறது. தவறை எழுத்தே சொல்லிவிடுகிறது. ஆசிரியர் எழுத்தின் ஒலியைச் சொல்லிவிட்டு விலகி நிற்கலாம். பிறர் கை பிடிக்காமலே குழந்தை எழுதக் கற்கும் என்பதற்கு இது சான்றாகக் காட்டப்படுவதுண்டு. அந்த வாதம் முழுமையானதன்று. அட்டையை வெட்டியவர் ஒருவர், ஒலியைச் சொன்னவர் ஒருவர். காட்டும் உபகாரம் கையிலிருந்து பொருளுக்கு இடம் மாறியிருக்கிறது, இல்லாமல் போகவில்லை. ஆனால் காட்டுபவர் விலகத் தெரிந்திருக்க வேண்டும் என்ற உண்மையை மொண்டிசோரியின் முறை வலுவாகச் சொல்கிறது. சடங்கை நடத்தும் பெரியவர்கள் அதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

மணலில் விரலால் எழுதுவது தமிழருக்குப் புதிதன்று; திண்ணைப் பள்ளியின் முதற்பாடமே அதுதான். 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியைப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் விடுதியில் புகுத்தினார். 1797இல் அவர் வெளியிட்ட நூல்வழி அது பிரித்தானியப் பள்ளிகளுக்குப் போனது. தமிழ்த் திண்ணையின் மணல் இலண்டன் ஏழைப் பிள்ளைகளின் விரலுக்கும் எட்டியது.

இன்று ஒரு முன்பள்ளியில் ‘அ’ பல உருவில் வரும். மணல் தட்டில் விரலால் கீறுவார்கள். களிமண்ணைத் திரித்து வளைப்பார்கள். கோட்டின்மேல் பசை தடவிக் கயிறு ஒட்டுவார்கள். வண்ணக் கடதாசியைக் கிழித்து நிரப்புவார்கள். நிலத்தில் பெரிதாக வரைந்து அதன்மேல் நடப்பார்கள். விளையாட்டாகத் தோன்றும் இந்த வேலைகளுக்குள் இந்திய மெய்யியலின் நீண்ட சர்ச்சை ஒன்று இருக்கிறது. கயிற்று ‘அ’வுக்கும் களிமண் ‘அ’வுக்கும் பொதுவான பொருள் ஏதும் இல்லை, அளவும் நிறமும் வேறு. ஆனாலும் குழந்தை இரண்டையும் ஒன்றே என்கிறது. அந்த ஒன்று எது? நியாயமும் வைசேடிகமும் பலவற்றில் நிற்கும் ஒரு பொதுமை, அதாவது சாமானியம், உண்மையாகவே உண்டு என்கின்றன. பௌத்த அறிஞர் திக்நாகர் இதை மறுத்தார். பொதுமை என்று தனிப்பொருள் இல்லை. மற்றவை அல்லாதது என்று விலக்கி அறிவதே நம் அறிவு என்பது அவர் கொள்கை. முன்பள்ளியில் இரண்டு வகைப் பயிற்சியும் நடக்கின்றன. பல பொருளில் ஒரே எழுத்தைச் செய்வது முதல் வழி. ஆ, சு, அ எழுதிய அட்டைகளைக் கலந்து ‘அ’வை மட்டும் பொறுக்கச் சொல்வது இரண்டாம் வழி. முதல் பயிற்சியோடு நின்ற பிள்ளை ‘ஆ’வையும் ‘அ’ என்றே வாசிக்கும். கீழ்ச்சுழி ஒரு வேறுபாடு என்பது விலக்கிப் பார்த்தால்தான் தெரியும். நடைமுறையில் திக்நாகரின் துணை இல்லாமல் நெடுங்கணக்கைக் கடக்க முடியாது.

மீமாம்சகர்கள் இன்னொரு பக்கத்திலிருந்து வருகிறார்கள். எழுத்தொலி அழியாதது, உச்சரிப்பு அதை வெளிப்படுத்துகிறது, உண்டாக்குவதில்லை என்பது அவர்கள் கொள்கை. ஒலி தோன்றி மறைவது என்பது நியாயத்தின் மறுப்பு. அரிசியைக் கையால் தடவிச் சமன்செய்து அடுத்த குழந்தையை உட்காரவைக்கும்போது, முந்தைய ‘அ’ அழிந்ததா, மறைந்ததா என்று இருவரும் வாதிடலாம். சடங்கின் போக்கு மீமாம்சகர் பக்கமே சாய்கிறது: அரிசி கலைகிறது, எழுத்தின்மேல் வைத்த மரியாதை கலைவதில்லை. கால் பட்ட புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கமும் இந்த மரியாதையின் தொடர்ச்சியே. ஐரோப்பிய யூதர்கள் இடைக்காலத்தில் பலகையில் எழுதிய எழுத்துகளின்மேல் தேன் தடவிக் குழந்தையை நக்கவைத்ததும் அத்தகையதே. பயன் கருதுமுன் எழுத்தை மதிக்கவும் விரும்பவும் வைப்பது வீணான வேலை அன்று. எதற்கென்று விளங்காத வயதில் பிள்ளையை எழுத்தின்பால் இழுப்பது அந்த விருப்பம் ஒன்றே.

சடங்கில் ஒரு கவனம் தேவை. அது வலக்கையைக் கேட்கிறது; சில குழந்தைகள் இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள். ஒரு நாள் வலவிரலால் எழுதுவதால் தீங்கில்லை. அதையே விதியாக்கி, பென்சில் பிடிக்கும் வயதிலும் கையை மாற்றச் சொல்வது தீங்கு. காட்டும் உபகாரம் உயிரின் இயல்பை அறிந்து நடப்பது. எந்தக் கை என்பதும் அந்த இயல்பில் அடங்கும். இதுபோலவே, சடங்கு முடிந்த மறுநாளே மூன்று வயதுப் பிள்ளையின் முன் கொப்பியை விரித்து, ஒரு பக்கம் முழுக்க ‘அ’ எழுதச் சொல்லும் அவசரத்துக்கும் மரபில் ஆதாரமில்லை. ஏடு தொடக்கல் கேட்பது ஒரு தொடக்கத்தை மட்டுமே. மணலும் களிமண்ணும் கயிறும் வேண்டிய மாதங்கள் அதற்குப் பிறகு வருகின்றன. பென்சில் வருவது விரல்கள் அதைத் தாங்கும் வலுப்பெற்ற பின்னரே.